அறையைப் பூட்டிவிட்டு வளவுக்கு வாருங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜனவரி விடுமுறையில் தாம்பரத்திலிருந்து காரில் ராமேஸ்வரம் போகிறோம். நான், கணவர், மாமியார், எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வழியில் ஓர் இரவு, ஹோட்டலாக மாற்றிய செட்டிநாட்டு வீடு ஒன்றில் தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஓர் இரவுப் பணத்தில் காரைக்குடி லாட்ஜில் மூன்று இரவு தங்கலாம் என்கிறார் கணவர். “டிக்கெட் வாங்கி சுத்திப் பாத்துட்டு வந்தா போதாதா, அதுல படுத்து வேற எந்திரிக்கணுமா?” என்பது மாமியாரின் கேள்வி. அவருக்கு முழங்கால் வலி உண்டு. விடியற்காலை கிளம்பி, திருமயம் கோட்டையும் பிள்ளையார்பட்டியும் பார்த்துவிட்டு இரவு எட்டு மணிக்கு ஹோட்டல். மறுநாள் ஐந்து மணிக்கு ராமேஸ்வரம் புறப்பாடு. இது சரிவருமா?

எஸ்., தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

இந்தத் திட்டத்தோடு போவதானால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. லாட்ஜே போதும். இரவு எட்டு மணிக்கு வந்து இருட்டோடு கிளம்புகிறவர்களுக்கு அந்த வீடு தன்னைக் காட்டாது. நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்களும் இப்படித்தான் போனோம். போய்ச் சேர இரவு ஒன்பதரை. பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். அறை இருட்டாக இருந்தது, சன்னல் சின்னது. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு வெளிச்சமில்லாத அறையைக் கொடுத்திருக்கிறார்களே என்று வரவேற்பில் இருந்த பையனிடம் குறைப்பட்டுக்கொண்டேன். காலையில் ஆறரைக்குக் கிளம்பிவிட்டோம்.

அறை இருட்டாக இருந்ததற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த வீடுகளில் அறை என்பது மனிதர்கள் பொழுதைக் கழிக்கக் கட்டியது அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு. பெட்டி, பாத்திரம், சீர் சாமான் எல்லாம் அதில் இருக்கும். பேச்சு, வேலை, சாப்பாடு, பகல் தூக்கம் எல்லாம் வளவில்தான், அதாவது நடு முற்றத்திலும் அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்திலும். வெளிச்சமும் காற்றும் மழையும் வருவதற்கென்று கட்டிய இடம் அதுதான். ஹோட்டல்காரர்கள் அறையைத்தான் வாடகைக்கு விடுகிறார்கள், வேறு வழியில்லை. நாமும் அறைக்குத்தான் பணம் கொடுத்தோம் என்று கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டால், வந்த வீட்டை வெளியே விட்டுவிட்டு அதன் சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்றுதான் பொருள்.

இரண்டாம் தடவை அம்மாவோடும் பிள்ளைகளோடும் போனேன். மத்தியானம் இரண்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். வளவுக்குள் நுழைந்ததும் அம்மா நாற்காலியைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அங்கே பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தாள். “தேங்காயெண்ணெ போட்டுத் தொடைச்சிருக்காங்கடா” என்றாள். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் நின்று, ஆமாம் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். வெளியே நல்ல வெயில், சுவர் ஜில்லென்று இருந்தது. சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. கையை வைத்தால் பளிங்கு என்றே நினைப்பீர்கள்.

உங்கள் மாமியாரின் கேள்விக்கு இங்கேதான் பதில். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவர்களை முகப்போடும் முதல் வளவோடும் அனுப்பிவிடுவார்கள். அதுவும் நட்டநடு மத்தியானமாக இருக்கும். தங்குகிறவர்களுக்குத்தான் விடியற்காலை கிடைக்கும். ஆறரை மணிக்குப் பல் தேய்த்த கையோடு தாழ்வாரத்தில் வந்து உட்காருங்கள். வெயில் முதலில் எதிர்ப்பக்கத்து ஓட்டு விளிம்பில் விழும். அங்கிருந்து தூணின் தலைக்கு இறங்கும், பிறகு தூண் வழியாகத் தரைக்கு வரும். தரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் என் பெரியவள் போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகத்தான்.

முகப்பு வாசலில் நின்று உள்ளே பாருங்கள். கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெரு வரைக்கும் கண் போகும். நடுவில் தெரிகிற தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. தரையில் கிடப்பது மட்டும் பக்கத்து ஊர் மண். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவில் விழுந்து வடிகால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி தெருவையே அமைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் இந்தியா செட்டிநாட்டைச் சேர்த்தபோது தனி வீடுகளாக அல்லாமல் ஊர்த் தொகுதிகளாகச் சேர்த்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

செலவைப் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள் அங்கே வட்டிக்குக் கொடுத்து வாங்கிச் சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதி போயிற்று. வீடுகள் பங்காளிகளுக்குள் பல பங்குகளாயின. எல்லோரும் ஒப்பினால்தான் ஓர் ஓட்டை மாற்ற முடியும். முடியாமல் போன வீடுகளைப் பிரித்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. தூணும் நிலையும் கதவும் சாய்த்து வைத்திருப்பார்கள். எனக்கு அந்தத் தெருவில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு நிலைக்குப் பின்னாலும் இல்லாமல் போன ஒரு வீடு இருக்கிறது. ஆள் தங்கி வாடகை வருகிற வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள், சுவர் பூசத் தெரிந்த கொத்தனுக்கும் வேலை கிடைக்கிறது. கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் அப்படி ஒரு வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக்கியிருக்கிறார்கள். அந்தப் பணத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

இனி திட்டம். தாம்பரத்தில் நாலரைக்குக் கிளம்பினால் திருச்சி, புதுக்கோட்டை வழியாக மத்தியானச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துவிடலாம். திருமயத்தை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், மத்தியானப் பாறையில் மாமியாரால் ஏற முடியாது. சாப்பிட்டு இளைப்பாறிய பின் ஆத்தங்குடியில் அந்தத் தரைக்கல் செய்கிற பட்டறைக்குப் போங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, கரண்டியால் சாயச் சிமெண்டை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் கொட்டி அழுத்துவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதுதான். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பிள்ளைகள் கேட்டால் கண்ணாடியிலிருந்து ஒரு கல்லைப் பிரித்தெடுக்க விடுவார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டார்கள். இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள்.

மறுநாள் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சாப்பிட்டு, பத்தரை வரை வீட்டை விட்டு நகராதீர்கள். பிறகு பிள்ளையார்பட்டி, நடை சாத்துமுன் தரிசனம் ஆகிவிடும். அங்கிருந்து ராமேஸ்வரம் மூன்று, மூன்றரை மணி நேரம். தீர்த்தமாடுவதை அடுத்த நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறை பதியும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். தரைத்தளத்தில் அறை உண்டா? குளியலறைக்குப் படி ஏற வேண்டுமா? குளியலறை எல்லாம் பிற்பாடு சேர்த்தவை, சில இடங்களில் தரை உயர்ந்திருக்கும். வாசல் நிலைப்படிகளும் உயரம்தான், மாமியாருக்கு ஒவ்வொன்றிலும் கை கொடுக்க ஆள் வேண்டும். பெரிய பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். வளவில் அவர் தரையில் உட்கார முடியாவிட்டால் தூணோரமாக ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள், கிழக்கே முதுகைக் காட்டி.

அன்புடன்.