பணியிடத்தில் தாய்ப்பால் எடுக்க இடம் தேடும் தாய்மார்களுக்கு: கேள்வி பதில்

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர்களும், விரைவில் திரும்பவிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்குத் தாய்ப்பால் ஆலோசகர் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். எந்த பம்ப் வாங்கலாம் என்றே பலரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், வேலைக்குச் சேர்ந்த பிறகு பாலூட்டுவதைப் பாதியில் நிறுத்த வைப்பது பம்ப் அல்ல, உட்கார ஓர் இடம் கிடைக்காமையே. ஆகவே இடம் பற்றிய கேள்விகளையே முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சென்னையில் பன்னிரண்டு பேர் மட்டும் பணிபுரியும் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரே கூடம், கதவு உள்ள இடம் என்றால் முதலாளியின் அறையும் கழிப்பறையும்தான். கழிப்பறையில் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் சகோதரி. நாம் சாப்பிடும் உணவை அங்கே வைத்துத் தயாரிக்க மாட்டோம். குழந்தையின் உணவுக்கும் அதே அளவுகோல்தான். தண்ணீர் ஊற்றும்போது தெறிக்கும் நுண்துளிகள் பம்பின் பாகங்கள் மீதும் புட்டியின் வாயிலும் படியும். அதோடு, வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பால் இறங்குவதும் கடினம். உங்கள் அலுவலகத்தில் முதலாளியின் அறையே பொருத்தமான இடம். அவர் வெளியே செல்லும் நேரமோ மதிய உணவு நேரமோ பார்த்து, காலை 11 மணியை ஒட்டி ஒரு முறையும், பிற்பகல் 2 மணியை ஒட்டி ஒரு முறையும், இருபது இருபது நிமிடம் அந்த அறையைத் தருமாறு கேளுங்கள். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. சேர்ந்த அன்று மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்போது கேட்பதைவிட, வீட்டிலிருந்து நிதானமாகப் பேசுவது எளிது. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் குறுஞ்செய்தியாக எழுதுங்கள்: "குழந்தைக்குப் பால் எடுத்து வைக்க, தாழ்ப்பாள் உள்ள ஓர் இடம், நாளுக்கு இரண்டு முறை வேண்டும்." இவ்வளவே போதும். அதற்குமேல் விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அறை கிடைக்கவே கிடைக்காது என்றால், கோப்புகள் வைக்கும் மூலையை ஒரு திரையால் மறைத்து, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வதுகூடக் கழிப்பறையைவிட மேலானது.

கேள்வி: தியாகராய நகரில் ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். துணி போட்டுப் பார்க்கும் டிரையல் ரூமைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் நேரம் பார்த்து. கடை திறந்தவுடன் கூட்டம் சேர்வதற்கு முன்பும், மதியம் கூட்டம் குறையும்போதும், கடைக்கோடியில் உள்ள டிரையல் ரூம் ஒன்றை மேற்பார்வையாளரிடம் சொல்லி ஒதுக்கி வாங்குங்கள். உள்ளே உட்கார ஸ்டூல் இருக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் முதுகு வலிக்கும், பாலும் சரியாக வராது. கண்காணிப்புக் கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் ரூம் பரவாயில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. துணித் தூசியும் காற்றோட்டம் இன்மையும் இருப்பதால் அதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் சட்டத்திருத்தம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட தொழிலில், பால் எடுக்க இடம் கேட்பது எவ்வளவு தயக்கம் தரும் என்பது எனக்குப் புரிகிறது. தனியாகக் கேட்காமல், உங்கள் தளத்தில் பணிபுரியும் மூத்த அக்கா ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் தையல் லைனில் வேலை. "உனக்காக லைனை நிறுத்த முடியாது" என்கிறார் சூப்பர்வைசர். சட்டம் எதுவும் இருக்கிறதா?

இருக்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரத்தோடு கூடுதலாக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கூறியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இடம்பெற்றிருக்கிறது. இந்த இடைவேளைகளுக்காகக் கூலியில் பிடித்தம் செய்யக் கூடாது. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்பதும் 2017 திருத்தத்தில் வந்தவை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த விதிகள் குழந்தைக்குப் பாலூட்டுவதைத்தான் பேசுகின்றன, பால் எடுப்பதற்கென்று தனி அறை வேண்டும் என்று அவற்றில் எழுதப்படவில்லை. ஆனால் உங்கள் நிறுவனத்தில் காப்பகம் இருந்தால் அதுவே உங்களுக்கான இடம். அங்கே பாலூட்டுவதற்கு ஒரு மறைவிடமும் கை கழுவத் தண்ணீரும் இருக்கும். குழந்தை வீட்டில் இருந்தாலும் அந்த மறைவிடத்தில் உட்கார்ந்து பால் எடுக்க அனுமதி கேளுங்கள்.

சூப்பர்வைசரிடம் வாதாடுவதைவிட, பணியாளர் நல அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்வது பயன் தரும். தேநீர் இடைவேளையை ஒட்டி உங்கள் நேரத்தை அமைத்துக்கொள்ளச் சம்மதித்தால் லைன் நிற்கும் என்ற காரணமும் பெரிதும் குறைந்துவிடும்; ஆனால் அது நீங்கள் செய்யும் சலுகை, அவர்கள் செய்யும் சலுகை அல்ல.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. ஆசிரியர் அறையில் ஆண்களும் இருக்கிறார்கள். வேதியியல் ஆய்வகம் மட்டும் காலியாக இருக்கிறது.

ஆய்வகம் வேண்டாம், அமிலங்களும் ஆவிகளும் உள்ள மேசையில் குழந்தையின் பாலை வைக்கக் கூடாது. நூலகத்தின் உள்ளறை, விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறை, கணினி அறை ஆகியவற்றைப் பாருங்கள். இடத்தைவிட உங்களுக்குக் கால அட்டவணைதான் முக்கியம். மூன்றாம் பாடவேளையும் ஆறாம் பாடவேளையும் உங்களுக்கு ஓய்வாக அமையும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கேள்வி: சிறுசேரியில் மென்பொருள் நிறுவனம். எல்லா அறைகளும் கண்ணாடி. ஓய்வறை ஒன்று உண்டு, ஆனால் தலைவலி என்று யாராவது படுத்திருப்பார்கள்.

ஒரே மீட்டிங் ரூமை, ஒரே நேரத்திற்கு, எல்லா வேலை நாட்களுக்கும் மூன்று மாதத்திற்கு முன்பதிவு செய்துவிடுங்கள். கண்ணாடிக்கு ஒளி ஊடுருவாத தாள் ஒட்டித் தருமாறு நிர்வாகப் பிரிவிடம் கேளுங்கள். செலவு மிகக் குறைவு. அறைக்குள் கேமரா உண்டா என்பதைப் பாதுகாப்புப் பிரிவிடம் நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் பம்ப் வைத்தால் நிறைய வருகிறது. அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் சில துளிகள்தான். பால் வற்றிவிட்டதா?

வற்றவில்லை. இந்தக் கேள்வியை மிகப் பலர் கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மார்பில் பால் சுரப்பது ஒரு செயல். சுரந்த பால் காம்பை நோக்கி இறங்குவது வேறொரு செயல். இரண்டாவதை நடத்துவது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன். பயம், பதற்றம், கூச்சம் ஆகியவை அதைத் தற்காலிகமாகத் தடுத்துவிடும். யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்குப் பால் இறங்காதது உடலின் குறையன்று, இடத்தின் குறை. தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும் என்று நான் வலியுறுத்துவது வெறும் நாகரிகத்திற்காக அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். பால் மார்பிலேயே தங்கிவிட்டால், இனிச் சுரப்பு குறைந்தால் போதும் என்று உடல் எடுத்துக்கொள்ளும். பால் கட்டிக் காய்ச்சல் வரும் நிலையும் ஏற்படலாம்.

உட்கார்ந்தவுடன் பம்பைப் பொருத்தாதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றடம் கொடுத்து, விரல்களால் மெதுவாக வருடிவிட்டு, கைப்பேசியில் குழந்தையின் காணொளி ஒன்றைப் பாருங்கள். தினமும் அதே நாற்காலி, அதே நேரம் என்று வழக்கமாகிவிட்டால் சில நாட்களில் உடல் பழகிவிடும்.

கேள்வி: பம்ப் சத்தம் வெளியே கேட்கிறது. அறையில் பிளக் பாயின்டும் இல்லை.

கையால் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சத்தமும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். வாய் அகன்ற சுத்தமான கிண்ணம் போதும். பிரசவம் பார்த்த மருத்துவமனையின் செவிலியரிடம் ஒருமுறை கேட்டால் பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுப்பார்.

கேள்வி: கிராமப்புறங்களில் கடன் தவணை வசூலிக்கும் வேலை. நாள் முழுதும் இருசக்கர வாகனத்தில்தான். எனக்கு ஏது இடம்?

உங்கள் வழித்தடத்தையே இடமாக மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015இல் திறக்கப்பட்டன. சில இடங்களில் அவை பூட்டிக் கிடக்கும். நேரக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டால் சாவி யாரிடம் என்று சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, நீங்கள் வசூலுக்குச் செல்லும் மகளிர் குழுவில் நன்கு பழகிய ஒருவரின் வீடு என வழியில் மூன்று இடங்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் குழந்தைக்குப் பால் எடுக்க ஓர் அறை கேட்டு வரும் பெண்ணை வாசலோடு அனுப்பும் வீடு மிகக் குறைவு.

வெயிலில் அலைபவர் என்பதால், எடுத்த பாலை உடனே ஐஸ் பேக் வைத்த குளிர்காப்புப் பையில் வைத்துவிடுங்கள். ஐஸ் பேக் உறைந்த நிலையில் இருந்தால் அதில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்ற கணக்கு, 25 பாகை செல்சியஸ் அளவுக்குச் சொல்லப்பட்டது. சித்திரை வெயிலில் அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்தின் பொது ஃபிரிட்ஜில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது.

உள்ளே இருப்பது வெளியே தெரியாத டப்பாவுக்குள் புட்டியை வைத்து, பெயரும் தேதியும் எழுதி, கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்புறமாக வையுங்கள். நான்கு நாள் வரை இருக்கும்.

கேள்வி: நான் ஒரு சிறு நிறுவனத்தின் மேலாளர். என் குழுவில் ஒருவர் அடுத்த மாதம் விடுப்பு முடிந்து வருகிறார். நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

இப்படிக் கேட்டதற்கு மனமார்ந்த நன்றி. உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு சிறு அறை, சாய்மானமுள்ள நாற்காலி, பம்பும் புட்டியும் வைக்கச் சிறு மேசை, ஒரு பிளக் பாயின்ட், மின்விசிறி, அருகில் கை கழுவ ஒரு குழாய் ஆகியவை போதும். ஜன்னல் இருந்தால் திரை போடுங்கள். பழைய பொருட்களை அங்கே கொண்டுபோய்க் குவிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பல அலுவலகங்களில் திறந்த சில மாதங்களிலேயே இத்தகைய அறை குடோனாக மாறிவிடுகிறது. அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல், "உங்களுக்கு இந்த அறை, இந்த நேரங்கள் வசதிப்படுமா?" என்று விடுப்பில் இருக்கும்போதே ஒரு பெண் சக ஊழியர் மூலம் கேட்டுவிடுங்கள். அந்த நேரங்களில் கூட்டங்கள் வைக்காதீர்கள். சாவியை இரண்டு பேரிடம் வையுங்கள். சாவி வைத்திருப்பவர் விடுமுறையில் இருக்கும் நாளில் அந்தத் தாய் பால் எடுக்கக் கழிப்பறைக்குப் போக நேரக் கூடாது.