முயலைக் கொடுக்கச் சொன்னது யார்?

கேள்வி (சுருக்கம்): மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செல்லப்பிராணி கிளினிக் ஒன்றில் ஆறு வருடமாகக் கவுண்டரில் வேலை செய்கிறேன். ஓர் அம்மா தன் முயலை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளும்படி விட்டுப் போனார். தவணை முடிந்தும் வரவில்லை. போன் செய்தால், "பையன் சிங்கப்பூருக்குப் போயிட்டான், எங்களால பார்க்க முடியாது, யாராவது கேட்டா குடுத்துடும்மா" என்றார். கூண்டிலேயே கிடந்து முயல் சரியாகத் தின்னவில்லை. அதனால் தோட்டத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வளர்க்கிறேன் என்றார். அந்த அம்மாவின் எண்ணை அவருக்குக் கொடுத்தேன். தீவனச் செலவுக்கு என்று 80 ரிங்கிட் தந்தார், வாங்கிக்கொண்டேன். முயல் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. இப்போது அந்த அம்மாவின் கணவர், "என் முயலை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, ஏழு நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் முழுக் கடிதத்தில் பாதிக்குமேல் முதலாளியைப் பற்றித்தான் இருக்கிறது. அவர் திட்டியது, ஓவர்டைம் காசு தராதது, புதிதாக வந்த பெண்ணுக்குச் சலுகை காட்டுவது. ஓவர்டைம் பாக்கி உண்மையானால் அதற்குத் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது, தனியாகப் போய்ப் புகார் கொடுங்கள். மற்றவற்றை இங்கே ஓரமாக வையுங்கள். நீங்கள் முயலுக்குக் கங்குங் கீரை ஊட்டியதும் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நல்ல மனசைக் காட்டும். உங்களைக் காப்பாற்ற அது போதாது.

சட்டம் கேட்பது ஒன்றுதான். முயலைக் கொடுக்க அதிகாரம் உள்ளவர் கொடுக்கச் சொன்னாரா?

கிளினிக் அட்டையில் பதிவாகியிருப்பது கணவர் பெயர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனைவி போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. அந்த அம்மா முயலை ஒப்படைத்ததும் உங்களிடம் இல்லை, கிளினிக்கிடம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள். உரியவருக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு கிளினிக்கின் தலையில். முதலாளியான டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கூண்டை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போன நிமிடத்தில், அந்தப் பொறுப்பை அவருக்குத் தெரியாமல் நீங்கள் கைமாற்றிவிட்டீர்கள். திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும், உங்களுக்கு அது இல்லை என்பதை ஏற்கிறேன். வேலையிடத்து ஒழுங்கு விசாரணையில் அந்த எண்ணம்வரை போகத் தேவையே இல்லை. அனுமதி இல்லாமல் செய்தீர்களா என்பதே போதும்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். முயலைவிட, நீங்கள் எழுதப்போகும் விளக்கக் கடிதம்தான் ஆபத்து.

காரணம் கேட்கும் கடிதம் வந்தவர்கள் பொதுவாக என்ன செய்கிறார்கள் தெரியுமா? ராத்திரி உட்கார்ந்து, கண்ணீரோடு, மூன்று நான்கு பக்கம் எழுதிவிடுகிறார்கள். கேட்டது ஒரு கேள்வி, பதில் வருவது பத்துக்கு. "அந்த அம்மாவின் எண்ணை அட்டையைப் பார்த்து எடுத்தேன், டீச்சரிடம் கொடுத்தேன், அதில் என்ன தப்பு?" என்ற ஒரு வரியை நீங்களும் எழுதப்போகிறீர்கள். எனக்கு அனுப்பிய கடிதத்திலேயே அதை எழுதியிருக்கிறீர்கள்.

அந்த எண் கிளினிக்கின் வாடிக்கையாளர் பதிவில் இருந்தது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 130ஆவது பிரிவு தனி ஆளையே பிடிக்கும். தரவை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல் தெரிந்தே அதை வெளியே கொடுத்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கேட்டிருந்தால் கிளினிக் சம்மதித்திருக்கும் என்று வாதாடவும் அதே பிரிவில் இடம் உண்டு. ஒரு முயலுக்காக உங்களைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கையெழுத்தோடு அந்த வரி முதலாளியின் கோப்பில் ஏறிவிட்டால், அவர் கேட்காத குற்றச்சாட்டு ஒன்றை நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

80 ரிங்கிட்டும் அப்படித்தான். தீவனத்துக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். கிளினிக்கில் இருந்த பிராணியை வைத்து ஊழியர் காசு பார்த்தார் என்று அவர்கள் சொல்வார்கள். எண்ணம் நேர்மையற்றது என்று காட்ட அவர்களிடம் வேறு எதுவும் இல்லை, இந்த 80 ரிங்கிட்டைத் தவிர. ஆசிரியையிடம் இன்றே திருப்பிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

உண்மையை மறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விசாரணையில் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. எழுத்தில், கேட்டதற்கு மட்டும், அரைப் பக்கத்தில் பதில் சொல்லுங்கள். முயலை எந்தத் தேதியில், யார் சொல்லி எடுத்துப்போனீர்கள், இப்போது எங்கே இருக்கிறது, திருப்பித் தரத் தயார், முன்கூட்டிக் கேட்காததற்கு வருந்துகிறேன். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு இரக்கமில்லை, டாக்டருக்கு மனசாட்சி இல்லை என்றெல்லாம் ஒரு சொல்லும் வேண்டாம். தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவிலும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்ட குரல் பதிவு போதும்.

அப்புறம், கோபத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். நியாயமில்லாமல் வேலையைவிட்டு நீக்கினால், 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிடலாம், உங்களுக்கு ஈப்போ அலுவலகம். நீங்களாகவே விலகிக்கொண்டால் அந்தக் கதவைத் திறக்க முதலாளியே விரட்டினார் என்று நிரூபிக்க வேண்டிவரும். அது லேசான வேலை இல்லை. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, பாதிச் சம்பளமாவது தர வேண்டும், குற்றம் இல்லை என்று முடிந்தால் மீதியையும் தர வேண்டும்.

இதையெல்லாம் சொன்னாலும், நீங்கள் என் ஆபீசுக்கு வந்திருந்தால் வழக்கு எதுவும் வேண்டாம், சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். முயலை நாளைக் காலையிலேயே கிளினிக்கில் ஒப்படையுங்கள். அக்கா வீட்டில் கூட்டில் அடைத்திருந்தாலும் சரி, செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிப்போய்விட்டது என்று யாராவது கதை கட்டுமுன் கொண்டுபோய் விடுங்கள். எரிச்சலில் உண்மையிலேயே அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு அபராதமே 20,000 ரிங்கிட்டில்தான் தொடங்குகிறது.

முயல் திரும்பி வந்த பிறகு, கணவரிடம் பேச வேண்டியது டாக்டர், நீங்கள் அல்ல. "பாக்கிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கொண்டுபோங்கள்" என்றதும் பாதிப் பேருக்கு முயல்மேல் இருந்த உரிமை மறந்துபோகும். அவருக்கு வேண்டாம் என்றால் ஒரு தாளில் அவர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முயலின் அடையாளம், தேதி, இனி உரிமை கோரமாட்டேன் என்ற வாசகம், கையெழுத்து. டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். ஆசிரியை கிளினிக்கில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். முயல் உங்கள் கை வழியாகப் போகவே கூடாது.

இனி இப்படி ஒரு பிராணி வந்தால் எண்ணை எந்தப் பக்கம் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். வளர்க்க ஆசைப்படுபவரின் எண்ணை, அவர் சம்மதத்தோடு, உரிமையாளருக்குக் கொடுங்கள். பிடித்தால் அவர் அழைக்கட்டும். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளர் எண்ணை வெளியே கொடுக்காதீர்கள்.

ஏழு நாளில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எழுதவில்லை. இரண்டு நாளுக்குள் என்றால், இன்றே ஒரு வரியில் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.