ஜெர்மனியில் காட்டுக்குள் ஏறி இடிந்த கோட்டைகளைப் பார்க்கப் போவது நேர விரயமா?

"ஃபால்ட்ஸ் காட்டில் நாலு கல்லைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கணுமா, பேசாமல் நொய்ஷ்வான்ஷ்டைன் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ஃபால்ட்ஸ் காடு தென்மேற்கு ஜெர்மனியில் பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது, நொய்ஷ்வான்ஷ்டைன் பவேரியாவில் இருக்கும் பிரபலமான மாளிகை.) அந்த 'நாலு கல்'தான் என்னை எழுத உட்கார வைத்தது.

நீங்கள் மான்ஹைம், ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் ஐடி வேலையில் இருப்பவர், பாரிஸ், சுவிஸ் எல்லாம் பார்த்து முடித்தாயிற்று, அடுத்து ஊரிலிருந்து பெரியவர்கள் யாரோ வரப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நொய்ஷ்வான்ஷ்டைன் அழகில்லை என்று நான் சொல்லவே இல்லை. பவேரியா ரசிகர்கள் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் அதற்கு அடிக்கல் போட்டது 1869-இல். நம்ம சென்னை சென்ட்ரல் நிலையம் திறந்தது 1873-இல். கிட்டத்தட்ட ஒரே வயசு. ஒரு ராஜா ஆசைப்பட்டுக் கட்டிய மாளிகை அது. எந்தப் படையும் அதை முற்றுகையிட்டது கிடையாது. கோட்டை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

ஃபால்ட்ஸ் காடு வேறு மாதிரி. செம்மணற்கல் பாறைகள் மரங்களுக்கு மேலே சுவர் போல எழுந்து நிற்கும். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவர்கள் அந்தப் பாறையையே பாதிக் கோட்டையாக்கிக்கொண்டார்கள்: படி, அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பாறையில் குடைந்தது, மேலே மட்டும் கட்டடம். இடித்தவர்கள் பல பேர். டிராஹென்ஃபெல்ஸ் என்ற கோட்டை 1523-இல் போனது. 1525 விவசாயிகள் கலவரத்தில் சில. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு ராஜா 14-ஆம் லூயியின் படைகள் வந்து மிச்சத்தையும் தகர்த்தன. அப்புறம் பக்கத்து ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் எடுத்துப் போனார்கள். அதில் தப்பியதைத்தான் நாம் பார்க்கிறோம்.

என் மாமனார் வந்திருந்தபோது அவரை நோட்வைலர் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு ஏறினேன். அங்கே நாலு கோட்டைகளை ஒரே சுற்றில் பார்க்கலாம். முதலில் வேகல்ன்பூர்க், கடல்மட்டத்திலிருந்து 572 மீட்டர், ஃபால்ட்ஸில் இருக்கும் கோட்டை இடிபாடுகளிலேயே அதிக உயரத்தில் இருப்பது. அங்கிருந்து எல்லைக்கல்லைத் தாண்டினால் பிரான்ஸ். ஹோஹென்பூர்க், லோவென்ஷ்டைன், கடைசியில் ஃப்ளெக்கென்ஷ்டைன். மாமா கொத்தனாராக ஆரம்பித்து மேஸ்திரி ஆனவர். ஏறும்போது ஒன்றும் பேசவில்லை. வேகல்ன்பூர்க்கின் உச்சியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "மாப்ளே, கூரையைக் காணோமே, இதுக்கா விசா எடுத்து வரவச்சீங்க?" என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஃப்ளெக்கென்ஷ்டைனில்தான் மனுஷன் மாறினார். (அதற்கு மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம்.) பாறையின் பக்கவாட்டில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தன. நான் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பலகை தேவைப்படவில்லை. "இது உத்தரம் சொருகுன ஓட்டை. இங்க ஒரு தளம், அதுக்கு மேல இன்னொண்ணு" என்று கையால் காற்றில் மாடி கட்டிக் காட்டினார். அப்புறம் பாறையை ஒட்டி நிற்கும் கிணற்றுக் கோபுரத்துக்கு வந்தோம். அதன் பெரிய கற்களின் முகத்தில் விரல் நுழையும் அளவுக்குச் சின்னக் குழிகள் உண்டு. குண்டு பட்ட தழும்பு என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். மாமா ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார்.

"குறடு போட்டுத் தூக்கியிருக்கான் மாப்ளே. இந்தப் பக்கம் ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணு. தூக்கத் தூக்கக் கல்லோட பாரமே குறடை இறுக்கிடும். குழி நடுவுல இல்ல பாருங்க, கொஞ்சம் மேல இருக்கு. நடுவுல வச்சா கல்லு கவுந்துடும்."

அது அப்படியே சரி. இடுக்கிக் குழிகள் என்றுதான் இங்கே உள்ளவர்களும் சொல்கிறார்கள். ஆள் உள்ளே நின்று நடந்து சுழற்றும் பெரிய மரச்சக்கரம்தான் அன்றைய கிரேன். அதே கற்களில் ஓரத்தை மட்டும் ஒழுங்காகப் பொளிந்து, நடுவைப் புடைப்பாக விட்டிருந்தார்கள். பார்ப்பவன் மிரள வேண்டும் என்று கம்பீரத்துக்காகச் செய்தது என்பார்கள் வரலாறு படித்தவர்கள். "கூலி மிச்சம்" என்றார் மாமா. இரண்டும் இருக்கலாம்.

இதெல்லாம் பூசி, வெள்ளையடித்து, கம்பளம் விரித்த கோட்டையில் தெரியாது என்பதுதான் என் கட்சி. இடிந்ததால்தான் சுவரின் உள்பக்கம் தெரிகிறது. வெளியே இரண்டு பக்கமும் நல்ல கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பியது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

"செஞ்சிக் கோட்டை ஏறாதவன் ஜெர்மனிக் கோட்டையைப் பற்றிப் பேச வந்துட்டான்" என்று ஒருத்தர் வருவார், தெரியும். ஏறியிருக்கிறேன் ஐயா. அது அதற்கு, இது இதற்கு. அளவில் செஞ்சிக்குப் பக்கத்தில் இவை நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். கேள்வி அதைப் பற்றியது இல்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். இந்த நாட்டில் நூற்றுக்கணக்கான வருஷமாகக் கோட்டைச் சுவரில் இருக்கும் குழியை யாரும் அடைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். என் பழைய வீட்டுச் சமையலறையில் அலமாரி மாட்ட நான் போட்ட துளைகளுக்கு மட்டும் வீட்டுக்காரர் முன்பணத்தில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். பூசிக் கொடுக்கிறேன் என்றேன், பெயிண்டின் நிறம் ஒத்துப்போகாது என்றார். மாமாவே வந்து பூசித் தருகிறேன் என்று நின்றார், அதற்கும் சம்மதம் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டை ஒப்படைக்கும் அன்று சுவர் சுவராகப் போட்டோ எடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சரி, கோட்டைக்கு வருகிறேன்.

முழுதாக ஒரு கோட்டை வேண்டும் என்று கூட வருபவர்கள் அடம்பிடித்தால் ஆன்வைலருக்கு மேலே டிரீஃபெல்ஸ் இருக்கிறது. இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் 1193-இல் சிறையிருந்த இடம். புனித ரோமப் பேரரசின் மணிமுடியும் செங்கோலும் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தன. இப்போது காட்டுவது நகல்கள். ரயிலில் ஆன்வைலரில் இறங்கி நடந்தே ஏறலாம். ஆனால் உள்ளே அண்ணாந்து பார்க்கும் பெரிய மண்டபம் 1938-க்குப் பிறகு நாஜி ஆட்சி தொடங்கிய திருப்பணியில் வந்தது. பழையபடி இருந்ததைத் திரும்பக் கட்டியது இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நல்ல இடம். குழந்தைகள் இருந்தால் பெர்வார்ட்ஷ்டைனுக்குப் போங்கள். அதுவும் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் சீர்செய்ததுதான், ஆனால் பாறையில் குடைந்த அடியறைகளும் 104 மீட்டர் ஆழக் கிணறும் அசல். அங்கே இருந்த ஹான்ஸ் ஃபான் டிரோட்டா என்ற வீரன் பக்கத்து வைசென்பூர்க் ஊருக்குப் போகும் ஆற்றையே அணை போட்டு மறித்தவன். எல்லைக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளை மிரட்ட இன்றும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். நம்மூர்ப் பூச்சாண்டிதான்.

போவதாக முடிவு செய்தால், ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பி இறங்காதீர்கள். திரும்பி வரும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். காட்டுக்குள் நடைபயணச் சங்கத்தின் குடில்களில் சாப்பாடு கிடைக்கும், ஆனால் பல குடில்கள் வாரக்கடைசியிலும் புதன்கிழமையும் மட்டும்தான் திறக்கும், ரொக்கம் கையில் இருக்கட்டும். சைவர்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம், நாங்கள் அதைத்தான் செய்தோம். நாலு கோட்டைச் சுற்றில் நாடு மாறுகிறது, அதனால் பாஸ்போர்ட், பெரியவர்களின் விசா எல்லாம் பையில் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், விளையாட்டு இல்லை, நோய் வரும். காட்டில் அங்கங்கே எண் போட்ட மீட்புப் பலகைகள் இருக்கும். வழியில் ஒன்றைக் கண்டால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், 112-க்கு அழைக்க நேர்ந்தால் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

மழை பெய்த மறுநாள் வேண்டாம். மணற்கல் படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், தண்ணீர் அதில்தான் நிற்கும். பல இடங்களில் கைப்பிடியும் கிடையாது.