குரூப் ஸ்கீம்களை நேராகவே படிக்கக் கூடாதா, மாட்யூலாக மாற்றுவது எதற்கு?

டியூதோனே மாட்யூலை, அதாவது குரூப் ஸ்கீமை (குரூப் அமைப்புள்ள இயற்கணித வடிவியல் பொருளை) நேரியல் இயற்கணிதத் தரவாக மாற்றித் தரும் மாட்யூலை, முதல் முறை பார்த்த எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேராகவும் படிக்கலாம், யாரும் தடுக்கவில்லை. 1970இல் கணிதவியலாளர்கள் ஊர்ட்டும் டேட்டும் வரிசை பி (ஒரு பகா எண்) உள்ளவற்றை அப்படித்தான் முடித்தார்கள். முழு எண்களின் மேல் மாறிலிக் குரூப், மியூ-பி (ஒன்றின் பி-ஆம் மூலங்களின் குரூப்), இந்த இரண்டுதான்.

வரிசை பி² என்றதும்தான் வலி தெரியும். சிறப்பியல்பு பி, இயற்கணித முறையில் மூடிய புலம். அதன் மேல், தானும் தன் டூயலும் (எதிர்ஜோடிக் குரூப்) ஒற்றைப் புள்ளியாக இருக்கும் பரிமாற்றுக் குரூப் ஸ்கீம்கள் எத்தனை? நான் ஹாப்ஃப் இயற்கணிதத்தை (குரூப்பின் மேலுள்ள சார்புகளின் வளையத்தை) வைத்துக்கொண்டு, குரூப் பெருக்கலை அதில் குறிக்கும் கோமல்டிப்ளிகேஷன் சூத்திரங்களை எழுதினேன், எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். எது எதற்குச் சமம் என்று பார்க்க ஒவ்வொரு முறையும் மாறிகளை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

மாட்யூலுக்குப் போனால், நீளம் 2. எஃப் (ஃப்ரோபீனியஸ், பி-ஆம் அடுக்குக்கு உயர்த்துவதிலிருந்து வருவது), வி (வெர்ஷீபுங், அதன் எதிர்ஜோடி) என்ற இரண்டு செயலிகளும் முதல் அடிப்படை உறுப்பை இரண்டாவதன் மடங்குக்கு அனுப்பும், இரண்டாவதைப் பூச்சியமாக்கும். ஒவ்வொன்றும் பூச்சியமா இல்லையா என்பதுதான் கேள்வி, ஆக நான்கே வகை. இரண்டும் பூச்சியம் என்றால் ஆல்ஃபா-பி (கூட்டல் குரூப்பில் ஃப்ரோபீனியஸின் கெர்னல்) இரண்டு பிரதி. எஃப் மட்டும் இருந்தால் கூட்டல் குரூப்பில் ஃப்ரோபீனியஸை இரு முறை செலுத்தியதன் கெர்னல். வி மட்டும் என்றால் அதன் டூயல். இரண்டுமே இருந்தால் சூப்பர்சிங்குலர் நீள்வட்ட வளைவின் பி-டார்ஷன் (பி-ஆல் பெருக்கினால் பூச்சியமாகும் பகுதி). அந்தக் கடைசி ஆசாமியைச் சூத்திரத்தில் எழுதிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

"புலம் இல்லாமல் பி-ஆடிக் வளையம் என்றால் இந்த மாட்யூல் போதாதே" என்று ஒருவர் வருவார். சரி, போதாதுதான். அதனால்தான் ப்ரோய்லும் கிஸினும் பவர் சீரிஸ் வளையத்தின் மேல் ஃப்ரோபீனியஸ் உள்ள மாட்யூல்களைக் கொண்டுவந்தார்கள். மாட்யூல் வகை மாறியது, வழி மாறவில்லை.

என் உண்மையான கோபம் வேறு. மேலே நான் சொன்னது கான்ட்ராவேரியன்ட் வழக்கம், அதாவது குரூப்புகளுக்கு இடையிலான அம்புகள் மாட்யூல் பக்கம் திசை திரும்பும். அதில் எஃப் ஐசோமார்ஃபிசம் என்றால் குரூப் எட்டால் (மாறிலிக் குரூப் போன்றது). அம்புத் திசையை மாற்றாத கோவேரியன்ட்காரர்களுக்கு அதே நிபந்தனை மியூ-பி பக்கம் போய்விடும். எந்த வழக்கம் என்று சொல்லாமலே முழுக் கட்டுரையும் எழுதுகிறார்கள். நான் ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தேன். மதிப்பாய்வாளர் "இது எல்லோருக்கும் தெரியும், நீக்கவும்" என்றார். நீக்கவில்லை.