ஐரோப்பிய ஒன்றியத்தின் போக்குவரத்து ஆராய்ச்சியில் வெளிநாடுகளும் சேர முடியுமா?

முடியும். ஹொரைசன் யூரோப் என்ற ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டத்தில் (2021–2027, சுமார் 9,550 கோடி யூரோ), ஒன்றியத்தில் இல்லாத நாடும் ஒப்பந்தம் போட்டு, தன் பங்குத் தொகையைக் கட்டி இணையலாம். பிரிட்டன் 2024-இல் அப்படித்தான் உள்ளே வந்தது. இணையாத நாட்டு நிறுவனங்களும் சேரலாம், ஆனால் இந்தியா, சீனா போன்ற நாட்டினர் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், அதற்கு முன்பே ஐரோப்பிய நிதியில் நடந்த கியூட் (CUTE) என்ற ஹைட்ரஜன் பஸ் சோதனைத் திட்டம். 2003 முதல் மாட்ரிட், ஸ்டாக்ஹோம், ஸ்டுட்கார்ட் உட்பட 9 நகரங்களில், நகரத்துக்கு மூன்றாக, 27 ஹைட்ரஜன் பஸ்கள் ஓடின. வெயில், பனி, மேடு என எல்லாவற்றிலும் ஒரே மாடல் பஸ். அதே பஸ்கள், ஒன்றியத்தில் இல்லாத ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் ஐரோப்பிய நிதியுதவியோடும், ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அந்நாட்டு அரசுப் பணத்திலும் ஓடின. அனுபவத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் முக்கியமாக நான் பார்ப்பது எரிபொருளை. ரெய்க்யவிக்கில் நீர்மின்சாரம், புவிவெப்ப மின்சாரம் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். பெர்த்துக்கோ பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது. இரண்டு ஊரிலும் புகைக்குழாயில் வந்தது வெறும் நீராவிதான். ஆனாலும் ஹைட்ரஜன் தயாரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தக் கார்பன் கணக்கு ஒன்றல்ல. ஒரே பஸ்ஸை வெவ்வேறு நாடுகளில் ஓட்டியதால்தான் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.