அக்காவின் இரவு நேர அழைப்பு

கேள்வி: கணவரை இழந்து இரண்டு ஆண்டுகளாகத் தனியே வசிக்கும் என் அக்கா, தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து ஒரு மணி நேரம் குறைகளையே சொல்கிறார். நான் எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் ஏற்பதில்லை. என் மகனுக்கு வங்கி வேலை கிடைத்ததைச் சொன்னபோதும், "எங்கேயோ வடக்கே கொண்டுபோய்ப் போடுவார்கள், அவன் உடம்பு என்ன ஆகுமோ" என்றார். பேசி முடித்த பின் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எடுக்காமல் விட்டால் குற்ற உணர்வு வாட்டுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, "எவ்வளவு ஆறுதல் சொன்னாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் களைப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். அக்கா ஒரு குறையைச் சொல்ல, நீங்கள் அதற்கு ஒரு வழி சொல்ல, அவர் அதை மறுத்து அடுத்த குறைக்குப் போக, ஒரு மணி நேரத்தில் நீங்கள் இருபது முறை தோற்றுப்போகிறீர்கள். இனி வழி சொல்லாதீர்கள். "கஷ்டமாகத்தான் இருக்கும் அக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் தீர்வு கேட்கவில்லை.

பிறருடைய முகபாவனையையும் குரலையும் நாம் அறியாமலே பின்பற்றுகிறோம் என்றும், அதன் வழியே அவர்களுடைய உணர்வும் நம்மிடம் தொற்றிக்கொள்கிறது என்றும் உளவியல் அறிஞர் எலைன் ஹாட்ஃபீல்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1990களில் விரிவாக எழுதினார்கள். ஆகவே உங்கள் தூக்கம் கெடுவது மனபலம் இல்லாததால் அன்று. படுக்கப் போகும் வேளையில் அந்தக் குரலைக் கேட்பதுதான் முதலில் மாற வேண்டும். அக்கா அழைக்கும்வரை காத்திராமல், மாலை ஆறு மணிக்கு நீங்களே அழைத்து, "சமையலுக்கு முன் கால் மணி நேரம் இருக்கிறது, உன்னோடு பேசலாம் என்று கூப்பிட்டேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் சில நாட்கள் அவர் கோபித்துக்கொள்ளக்கூடும்; அதற்காக ஒன்பது மணிக்குத் திரும்பிவிடாதீர்கள். நல்ல செய்தி வந்தால், அதைக் கேட்டு மகிழ்பவர்களிடம் முதலில் சொல்லி, நீங்களும் மகிழ்ந்த பிறகு அக்காவிடம் சொல்லுங்கள். இதில் துரோகம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். அக்கா இளமையிலிருந்தே இப்படித்தான் பேசுவாரா, அல்லது அத்தான் மறைந்த பிறகுதான் இப்படி ஆனாரா? பிந்தையது என்றால், அதைச் சுபாவம் என்று ஒதுக்க வேண்டாம். சரியாக உண்ணாமல், உறங்காமல், முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் நாட்டமில்லாமல் பெரும்பாலான நேரம் சோர்ந்திருப்பது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். "உயிரோடு இருந்து என்ன பயன்" என்பது போல அவர் எப்போதாவது சொன்னால், வழக்கமான புலம்பல் என்று கடந்துபோகாமல், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இவற்றைத் தொலைபேசியில் கண்டறிவது கடினம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுதும் உடனிருந்து, எப்படிச் சாப்பிடுகிறார், வீட்டை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.