இரவில் சூப் மட்டும் குடித்தால் போதுமா?

கேள்வி: இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்து தங்கியிருக்கிறார், வயது 64. சில வருடங்களுக்கு முன் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள், அதற்கு அசிட்ரோம் மாத்திரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், பிரஷருக்கு டெல்மிசார்டான். இங்கே வசந்த காலம் என்பதால் கடையில் ஆஸ்பராகஸ், வெங்காயத்தாள் மாதிரியான லீக், பட்டாணி, பாலக்கீரை எல்லாம் பசுமையாகக் கிடைக்கிறது. அம்மாவுக்கு எடை குறையட்டும் என்று மூன்று வாரமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இவற்றைப் போட்டு சூப் மட்டும் கொடுக்கிறேன். இரண்டு நாள் விடிகாலையில் வியர்த்து, கை நடுங்குகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். சிறுநீரும் ஒரு மாதிரி நாறுகிறதாம். கிட்னியில் ஏதாவது கோளாறா? பூங்காவில் காட்டுப்பூண்டு இலை நிறைய முளைத்திருக்கிறது, அதையும் சூப்பில் போடலாமா? சூப்பை எப்படிச் செய்தால் நல்லது?

பதில்: முதல் காரியமாக, இன்று இரவு அம்மாவுக்குச் சாப்பாடு போடுங்கள். சூப்பும் கொடுங்கள், ஆனால் சாப்பாட்டோடு. மற்றதை அப்புறம் பேசலாம்.

விடிகாலையில் வியர்வை, நடுக்கம் என்றால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. கிளிமிபிரைடு என்பது நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. இரவில் நாலு இட்லியோ மூன்று சப்பாத்தியோ சாப்பிடுகிறவருக்கு என்று கணக்குப் பண்ணி ஊரில் டாக்டர் எழுதியது அது. நீங்கள் இட்லியை எடுத்துவிட்டீர்கள், மாத்திரையை மட்டும் அப்படியே கொடுக்கிறீர்கள். ஒரு கிண்ணம் லீக் ஆஸ்பராகஸ் சூப்பில் இருக்கிற மாவுச்சத்து அந்த மாத்திரைக்கு எந்த மூலைக்கு?

இனி அப்படி வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கருவி என்றால் 70க்குக் கீழே போனால் தாழ்வு. இங்கே வாங்கிய கருவியில் எண் வேறு மாதிரி வரும், 4 என்று காட்டினால் அது நம் ஊர்க் கணக்கில் 72 (பதினெட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்), அதற்குக் கீழே என்றால் தாழ்வு. மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் ஒரு துண்டு பிரெட்டோ இரண்டு பிஸ்கட்டோ கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற விடும். சூப்பைச் சூடு பண்ணி நீட்டிவிடாதீர்கள், அதில் ஒன்றும் ஏறாது. அம்மா மயக்கமாக இருந்தால், விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 999க்குப் போன் செய்யுங்கள். எடை குறைய வேண்டும் என்பது நியாயமான ஆசைதான், ஆனால் சாப்பாட்டைக் குறைப்பதாக இருந்தால் மாத்திரையை எழுதிய டாக்டரிடம் சொல்லி அளவையும் சேர்த்து மாற்ற வேண்டும், நீங்களாகப் பாதி மாத்திரை கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் எனக்கு இதுதான் அதிகக் கவலை. அசிட்ரோம், இங்கே பலருக்குக் கொடுக்கிற வார்ஃபரின், இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் செய்கிற உறைபொருள்களைக் குறைத்து, உலோக வால்வில் ரத்தக்கட்டி பிடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. அந்த வைட்டமின் கீரையில்தான் கொட்டிக் கிடக்கிறது. வேகவைத்த பாலக்கீரை அரைக் கப்பில் 400 மைக்ரோகிராமுக்கும் மேல், ஆஸ்பராகஸ் அரைக் கப்பில் 50க்குள், பட்டாணியில் 20 சுமார். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 90 இருந்தாலே போதும் என்கிறார்கள். அப்படியானால் உங்கள் சூப்பில் கணக்கைக் கெடுப்பது ஆஸ்பராகஸ் இல்லை, பாலக்கீரை. ஊரில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை கீரை சாப்பிட்டவர் இங்கே வந்து மூன்று வாரம் தினமும் குடித்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண்) இறங்கிவிட வாய்ப்பு இருக்கிறது. இறங்கினால் வெளியே எதுவும் தெரியாது, வால்வில் கட்டி பிடித்தபிறகுதான் தெரியும்.

பயந்துபோய் நாளைக்கே கீரையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். இடையில் யாராவது ஐ.என்.ஆர். பார்த்து அசிட்ரோமைக் கூட்டியிருந்தால், கீரை நின்றதும் அது எதிர்ப்பக்கம் போய் ரத்தம் கசிய ஆரம்பிக்கலாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையே தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, அது தேவையில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். இந்த வாரமே ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள். விசிட்டர் விசாவில் வந்தவர்களும் இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் தற்காலிகமாகப் பதிந்துகொண்டு கட்டணம் இல்லாமல் பார்க்கலாம், மூன்று மாதத்துக்குள் திரும்புகிறவர் என்றாலும் பதியலாம். மாத்திரை அட்டையையும் ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்த ஐ.என்.ஆர். இலக்கையும் கையோடு எடுத்துப் போங்கள், அசிட்ரோம் என்ற பெயர் இங்குள்ள பல டாக்டர்களுக்குப் பழக்கமில்லை, அசினோகூமரால் என்று சொன்னால் புரியும். பல் ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் ஊதாத் திட்டு, இவை எதுவானாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை தொங்குவது, திடீர் மூச்சுத்திணறல் என்றால் நேரே 999.

சிறுநீர் நாற்றத்துக்குக் கிட்னி காரணம் இல்லை, ஆஸ்பராகஸ்தான். அதிலிருக்கும் ஒரு அமிலம் உடம்பில் உடைந்து கந்தகம் கலந்த வாயுக்களாகிச் சிறுநீரில் இறங்குகிறது, சாப்பிட்ட சில மணி நேரத்தில் அவித்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை. எல்லோருக்கும் வராது, வந்தாலும் சிலருடைய மூக்குக்குத் தெரியாது. நம் நாட்டு மருந்தில் வருகிற தண்ணீர்விட்டான் கிழங்கு இதே குடும்பம்தான், அம்மாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சமாதானம் ஆவார். ஆஸ்பராகஸ் சாப்பிடாத நாளிலும் நாற்றம் இருந்தால், எரிச்சலோ காய்ச்சலோ சேர்ந்தால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை.

காட்டுப்பூண்டு இலை வேண்டவே வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் சிறு வயதிலிருந்து பார்த்துப் பறிக்கிறார்கள், நமக்கு அந்தக் கண் இல்லை. அதே பருவத்தில் அதே நிழலில் முளைக்கிற லில்லி ஆஃப் த வேலி இலை பார்ப்பதற்கு அச்சு அசல் அப்படியே இருக்கும், அதில் இருப்பது டிகாக்சின் என்ற இதய மருந்து மாதிரி இதயத்தைத் தாக்கும் நஞ்சு, வால்வு வைத்தவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலையுதிர் குரோக்கஸ் என்று ஒன்று, அதன் இலையும் வசந்தத்தில்தான் வரும், நம் ஊர் செங்காந்தள் கிழங்கில் இருக்கிற அதே கொல்சிசின் என்ற நஞ்சு அதிலும் உண்டு. கசக்கி மோந்து பார்த்தால் தெரியுமே என்பார்கள். முதல் இலையைக் கசக்கியதும் விரலெல்லாம் பூண்டு வாடை ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் எந்த இலையை மோந்தாலும் பூண்டுதான். கடையில் வாங்கிய நாலு பல் பூண்டு போதும், சமையல் அளவுக்கு அது அசிட்ரோமோடு சண்டை போடாது. பூண்டு மாத்திரை, கேப்ஸ்யூல் என்று விற்பதை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, சூப்புக்கு வருவோம். நாலு கிண்ணம் வரும்படி சொல்கிறேன். 100 கிராம் பாசிப்பருப்பை முதலில் தனியாகக் குழைய வேகவையுங்கள். சோளமாவு, கிரீம் இரண்டுக்கும் பதில் இதுதான் கெட்டி கொடுக்கும், கூடவே மொத்தமாக 24 கிராம் புரதமும் வருகிறது, அறுபது தாண்டியவர்களுக்குச் சாப்பாட்டில் குறைவது அதுதான். லீக்கை நெடுக்காகக் கீறி விரித்து ஒவ்வொரு அடுக்கையும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும், பச்சையும் வெள்ளையும் சேருகிற இடத்தில் மணல் ஒளிந்திருக்கும், அதை விட்டால் கடைசி வாய் வரை நறநறவென்றிருக்கும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சீரகம் தாளித்து, லீக், பூண்டு போட்டு மூடி வைத்து, சிவக்காமல் வதக்குங்கள். ஆஸ்பராகஸை அடியில் பிடித்து வளைத்தால் முற்றின பாகம் தானாக ஒடியும், அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தண்டுகளைச் சிறு துண்டாக்கி ஒரு லிட்டர் தண்ணீரோடு கொதிக்க விடுங்கள், நுனிகளைத் தனியாக வையுங்கள். தண்டு வெந்ததும் பாதியை மட்டும் பருப்போடு அரைத்துக் கலக்குங்கள் (கொதிக்கக் கொதிக்க மிக்சியில் போட்டு மூடியை இறுக்கினால் ஆவி தூக்கி அடித்து முகம் வெந்துபோகும், ஆற விடுங்கள்), அப்புறம் மறுபடி கொதிக்க வைத்து நுனிகளும் இரண்டு கைப்பிடி பட்டாணியும் போட்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிடலாம். ஃப்ரோசன் பட்டாணி மட்டம் என்று நினைக்க வேண்டாம், பறித்த கையோடு உறைய வைத்தது, கடையில் நாலு நாள் கிடந்த தோல் பட்டாணியைவிட இனிப்பாகவே இருக்கும். பாலக்கீரை போடுவதென்றால் ஐ.என்.ஆர். பார்க்கிற டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள், குறிப்பிட்ட அளவு. வடிகட்டி வெறும் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், நார்ச்சத்து வடிகட்டியில் நின்றுவிடும். ஊரில் ஆஸ்பத்திரி கேன்டீன் சூப் குடித்துப் பழகியவர்கள் வடிகட்டினால்தான் சூப் என்பார்கள், அம்மாவும் சொல்வார்.

உப்பு கடைசியில், நாலு கிண்ணத்துக்கும் சேர்த்து அரை டீஸ்பூன், ஏறக்குறைய 3 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் என்கிறது. ஸ்டாக் கட்டி என்று சிறு சதுரமாக விற்கிறார்களே, அதை நசுக்கிப் போடுகிறீர்களா என்று எழுதவில்லை, போட்டால் அந்த ஒரு கட்டியிலேயே வகையைப் பொறுத்து 2 முதல் 5 கிராம் வரை உப்பு போய்விடும், அப்புறம் மேலே உப்பு எதற்கு? கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மிளகுத்தூளும் எலுமிச்சையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், உப்பு குறைவது நாக்குக்குத் தெரியாது. பிரஷருக்கு நல்லது என்று பொட்டாசியம் கலந்த குறைந்த சோடிய உப்பும் கடையில் இருக்கும். டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும்.

இந்த சூப் ஒரு கிண்ணம், கூட இரண்டு இட்லியோ இரண்டு சப்பாத்தியோ, ஒரு முட்டை, இவ்வளவு இருந்தால் இரவுச் சாப்பாடு ஆயிற்று. முன்பு நாலு இட்லி சாப்பிட்டவருக்கு இதுவே குறைவுதான், அதனால் முதல் ஒரு வாரம் படுக்கப்போகும் முன்பும், முடிந்தால் ஓரிரு நாள் விடிகாலை மூன்று மணிக்கும் சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினால் மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று அவரே சொல்லிவிடுவார். மிஞ்சின சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், குடிக்கிற அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணுங்கள்.

உள்ளூர் ஆஸ்பராகஸ் ஏப்ரல் 23 வாக்கில் தொடங்கி ஜூன் 21 வரைதான், பிறகு பெரு நாட்டிலிருந்து விமானத்தில் வந்த கட்டுதான் கடையில் இருக்கும், அவ்வளவு ருசி இருக்காது. அதற்குள் அம்மா ஊர் திரும்புவதாக இருந்தால், தஞ்சாவூரில் முருங்கைக்கீரையும் முளைக்கீரையும் மறுபடி தட்டுக்கு வந்துவிடும் என்பதால், போன ஒன்றிரண்டு வாரத்தில் அங்கே ஒரு ஐ.என்.ஆர். எடுக்கச் சொல்லி இப்போதே தேதி குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.